கொழுப்பும் செய்தி அனுப்பும்

(அனந்தபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காசநோயை நம் பெரியவர்கள் எலும்புருக்கி நோய் என்பார்கள். "கிருமி நுரையீரலில்தானே இருக்கிறது சார், உடம்பு முழுக்க ஏன் உருகுது?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "சத்தையெல்லாம் கிருமி தின்றுவிடுகிறது" என்று சொல்லிச் சமாளித்தேன். அது சரியான பதில் இல்லை என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

நம் நோய் எதிர்ப்புச் செல்கள் சிறு புரதங்கள் மூலம் செய்தி அனுப்புகின்றன. அவற்றுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். காய்ச்சலில் பசி போவதற்கு இவையும் காரணம். நோயுற்ற விலங்குகளை மெலியச் செய்யும் ஒரு புரதத்துக்கு ஆய்வாளர்கள் 'கேக்கெக்டின்' என்று பெயரிட்டிருந்தார்கள். அதுவும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற சைட்டோகைனும் ஒன்றே என்பது 1985இல் தெரியவந்தது. "சேமித்ததை வெளியே விடு" என்று கொழுப்புச் செல்லுக்குச் சொல்லும் செய்தி அது. மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலில் இது முக்கியமான பகுதி.

1993இல் ஹார்வர்டில் கோகான் ஹோடாமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மேனும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே இந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டிருந்தது. அதைத் தடுத்தபோது இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது.

மெலியச் செய்யும் புரதத்துக்குப் பருத்த உடலில் என்ன வேலை? அளவும் காலமும்தான் வேறுபாடு. தொற்றில் அது வெள்ளம்போல வருகிறது. பருத்த உடலில் சொட்டுச் சொட்டாக, ஆண்டுக்கணக்கில் கசிகிறது. அந்தக் கசிவு இன்சுலின் சொல்வதைச் செல் கேட்கவிடாமல் செய்கிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது.

வகுப்பில் இப்படிச் சொல்லலாம். செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கொழுப்புத் திசுவும் ஒரு களஞ்சியம். அளவுக்கு மீறி நிரம்பினால் காவலர்கள் உள்ளே குவிந்து போர் முரசு கொட்டத் தொடங்குகிறார்கள். எதிரி யாரும் இல்லை. ஆனாலும் ஊர் வேலை கெடுகிறது. மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்கள் பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் குவிவதை 2003இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒல்லியானவர்களுக்குக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்களையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்குத் தெரியாத கொழுப்பு நம்மவர்களிடம் அதிகம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு.

முரசை அடக்க வழி உண்டா? உண்டு. வேலை செய்யும் தசையும் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனைச் சுரக்கிறது. கொஞ்ச நேரமே பொங்கி அடங்கும் இந்தச் செய்தி நன்மை செய்கிறது. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வில், தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தார்கள். வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6 வேலை செய்யாமல் மருந்தால் தடுக்கப்பட்டவர்களுக்கோ, அதே பயிற்சி செய்தும் குறையவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்பவன் நான். அந்த நேரத்தில் நீரிழிவைப் பற்றிப் பாடமும் நடத்தியிருக்கிறேன்! நீரிழிவைத் தள்ளிப்போடும் நாற்பது நிமிடத்தைப் பறித்துக்கொண்டு, நீரிழிவைப் பற்றிக் குறிப்பு எழுத வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு முதல் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இன்னொன்று: எந்தப் பிள்ளையையும் 'குண்டு' என்று கூப்பிடாதீர்கள், ஒல்லியான பிள்ளைக்கு விளையாட்டு தேவையில்லை என்றும் விட்டுவிடாதீர்கள். உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

அந்த மாணவியிடம் மறுவாரமே சரியான பதிலைச் சொல்லிவிட்டேன். "அப்போ எங்களை கிரவுண்டுக்கு விடுங்க சார்" என்றாள். விட்டேன்.