உரிமையும் சான்றும்



ஒரு காட்சியை உங்கள் மனக்கண்முன் நிறுத்துகிறேன். நள்ளிரவில் ஒரு வீட்டின் தலைவருக்கு நெஞ்சுவலி உண்டாகிறது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். உள்ளே மருத்துவர் தம் கடமையைச் செய்கிறார். வெளியே, காப்பீட்டுப் பிரிவின் சாளரத்தின்முன் மூத்த மகன் நிற்கிறான். “குடும்ப அட்டை இருக்கிறதா? ஆதார் அட்டை இருக்கிறதா? இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?” என்று வினாக்கள் எழுகின்றன. மகன் கல்லூரியில் பயில்பவன், கணக்கில் வல்லவன். ஆயினும் தன் தந்தையின் பெயர் எந்த ஏட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவன் ஒருநாளேனும் எடுத்துப் பார்த்ததில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சாளரத்தைப் பற்றியதே.

பலரிடமிருந்து வரியாகவோ பங்குத் தொகையாகவோ திரட்டிய பொருளைக் கொண்டு, நோயுற்ற சிலரின் செலவை ஏற்பதே மருத்துவக் காப்பீடு. அதனை அரசு நடத்தும்பொழுது, இப்பயன் யாருக்கு உரியது என்று வரையறுத்தாக வேண்டும். அவ்வரையறைக்குத்தான் தகுதி விதி என்று பெயர். நம் நாட்டுத் திட்டங்களைப் பார்த்தால், தகுதியை அளக்கும் கோல்கள் பெரும்பாலும் மூன்று: வருமானம், தொழில், வயது.

வருமானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசின் உயிர்காக்கும் மருத்துவக் காப்பீடு தொடங்கியது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. அப்பொழுது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களே இதற்கு உரியவை. 2018-இல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் தருவதாயிற்று. 2022-இல் வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. இதன் பொருள் என்ன? 2021-இல் 90,000 ரூபாய் வருமானமுடைய ஒரு குடும்பம் இத்திட்டத்திற்கு வெளியே நின்றது. மறு ஆண்டில், தன் வாழ்வில் எம்மாற்றமும் நிகழாதபோதும், உள்ளே வரத் தகுதி பெற்றது. ஆனால் தகுதி பெற்ற செய்தியை அறிந்து, வருமானச் சான்றிதழ் வாங்கி, பதிவு செய்துகொண்ட குடும்பத்திற்குத்தான் அந்த மாற்றம் பயன் தந்தது.

அடுத்தது தொழில். தொழிலாளர் அரசு ஈட்டுறுதி என்று நாம் சொல்லும் இ.எஸ்.ஐ. திட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஊதிய வரம்பு உண்டு. 2017 ஜனவரி முதல் நாளன்று, திங்களுக்கு 15,000 ரூபாயாக இருந்த வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வரம்பை வைத்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 20,500 ரூபாய் பெறும் தொழிலாளி ஒருவருக்கு ஜூன் மாதத்தில் ஊதியம் 21,800 ரூபாயாகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றே அவர் வெளியேற்றப்படுவாரா? இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அது முடியும்வரை அவர் உறுப்பினரே. அக்காலத்தில் செலுத்திய பங்குத் தொகைக்குரிய பயன் காலமோ, அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. ஊதிய உயர்வு மகிழ்ச்சி தரும் செய்திதான். எனினும், அந்த மகிழ்ச்சியினூடே, “நமக்குரிய காப்பு எந்த நாளோடு முடிகிறது? அதன்பின் நாம் எந்தத் திட்டத்தை நாடுவது?” என்று நாட்காட்டியைப் பார்க்கும் குடும்பமே முன்னறிவுள்ள குடும்பம்.

மூன்றாவது வயது. 2024 அக்டோபர் 29-ஆம் நாள், ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயதும் அதற்கு மேலும் உடைய முதியோர் அனைவருக்கும், அவர்தம் வருமானம் எவ்வளவாயினும், விரிவாக்கப்பட்டது. அங்கே வயதை உறுதிசெய்வது ஆதார் அட்டையில் உள்ள பிறப்பு விவரம். பாட்டியின் முகச் சுருக்கத்தைக் கண்டு யாரும் வயதைக் கணிப்பதில்லை.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். விதிகள் நிலையாக நிற்பவை அல்ல. விலைவாசி ஏறினால் பழைய வரம்பு பொருளற்றுப் போகிறது. அரசின் நிதி பெருகினால் வாயில் அகலமாகிறது. நிதி சுருங்கினால் வாயிலும் குறுகுகிறது. மாற்றம் ஒவ்வொன்றிலும் உள்ளே வருவோரும் உண்டு. வெளியே போவோரும் உண்டு. இவ்விருவகையினரையும் தவிர மூன்றாம் வகையினர் ஒருவர் இருக்கின்றனர். அவர்கள் விதிப்படி உள்ளே இருக்க வேண்டியவர்கள். ஆனால் சான்று காட்டாமையால் வெளியே நிற்பவர்கள். என் பேச்சு அவர்களைப் பற்றியது.

இஃது ஏதோ நம் நாட்டுக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணிவிடாதீர்கள். செல்வத்தில் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்னும் காப்பீடு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஆர்க்கன்சா மாநிலம் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட வயதினர் திங்கள்தோறும் 80 மணி நேரம் வேலையிலோ அதையொத்த பணியிலோ ஈடுபட்டதை அறிவிக்க வேண்டும் என்பதே அது. தொடக்கத்தில் அதனைக் கணினி வழியாகவே அறிவிக்க வேண்டியிருந்தது; அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடிக்கொள்ளும்! சில மாதங்களுக்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? அவ்விதிக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது விதிவிலக்குப் பெற உரியவர்கள். 2019 மார்ச் மாதத்தில் நீதிமன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது.

அதனினும் பெரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் எவரையும் நீக்குவதில்லை என்றிருந்த ஏற்பாடு 2023 மார்ச் இறுதியில் முடிவுற்றது. உறுப்பினர் ஒவ்வொருவரின் தகுதியும் மீண்டும் சரிபார்க்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் காலத்திற்குள் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவினர், தகுதியற்றவர் என்று ஆராய்ந்து முடிவு செய்யப்பட்டதால் நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது, தாள் ஒன்று குறைகிறது என்பன போன்ற நடைமுறைக் காரணங்களே அவர்களை வெளியேற்றின. இப்பொழுது, 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 80 மணி நேர விதி 2027-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் அந்நாட்டின் பல மாநிலங்களில் நடைமுறைக்கு வரவிருக்கிறது. முன் நடந்ததைக் கண்டவர்கள் இம்முறை முன்கூட்டியே தாள்களைத் திரட்டி வைத்துக்கொள்ளுமாறு மக்களைத் தூண்டுகின்றனர்.

கடல் கடந்த செய்தியைச் சொன்ன நான், என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், “குழந்தை பிறந்த நாள் எது?” என்று கேட்பேன். “பெருமழை பெய்த ஆண்டு, ஐப்பசி மாதம், ஐயா” என்பார்கள். ஐந்து வயது நிறைவதற்கு ஏற்ப ஒரு நாளை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். பெயர் நீளமாக இருந்தால், பதிவேட்டின் கட்டத்தில் இடம் போதாதென்று, பாதியை வெட்டிச் சுருக்கி எழுதியதும் உண்டு. அது பெரிய பிழையாக எனக்கு அன்று தோன்றவில்லை.

நான் ஓய்வு பெற்ற பின் ஒருநாள், என் பழைய மாணவன் ஒருவனின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அவனுக்கு இதயத்தில் அறுவை நடந்திருந்தது. நான் சுருக்கிய பெயர் பள்ளிச் சான்றிதழில் ஏறி, அதிலிருந்து ஆதார் அட்டைக்குச் சென்றிருந்தது. குடும்ப அட்டையிலோ பெற்றோர் இட்ட முழுப்பெயர். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவள் ஒன்பது நாள் அலுவலகங்களுக்கு அலைந்தாள். நோய் அதுவரை பொறுத்திருக்குமா? நகைகளை அடகு வைத்து அறுவையை முடித்தார்கள். காப்பீட்டு அட்டை அடுத்த மாதம் கைக்கு வந்தது. செலவிட்ட பணம் திரும்பி வரவில்லை. “ஐயா, பள்ளிப் பதிவேட்டில் பெயரைத் திருத்த உங்கள் கையெழுத்து வேண்டுமாம்” என்றாள் அவள். அந்தச் சுருக்கம் என் பேனாவால் நேர்ந்தது என்பதை அவள் அறியாள். நான் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதனால் என் வருத்தம் குறைந்ததாகவும் இல்லை. அக்குடும்பத்திற்குத் தகுதி அன்றும் இருந்தது. சான்று இல்லை, அவ்வளவே.

ஆதலால், மாணவ நண்பர்களே, இந்த வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த நாளும் குடும்ப அட்டையில் எவ்வாறு, ஆதாரில் எவ்வாறு, பள்ளிச் சான்றிதழில் எவ்வாறு என்று பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அதனைச் சுற்றிக் கோடிடுங்கள். நோயில்லாத நாளில் இ-சேவை மையத்திற்குச் சென்று திருத்திக்கொள்வது எளிது. ஆதாரில் இணைத்த தொலைபேசி எண் இன்றும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணுக்குச் செல்லும் செய்தி உங்களை வந்து அடையாது. அடுத்து, வரப்போகும் நாட்களைக் குறியுங்கள்: தாத்தாவுக்கு 70 நிறையும் நாள், அண்ணனின் ஊதியம் உயரும் நாள், அக்காளின் திருமணத்தால் குடும்ப அட்டை மாறும் நாள். குடும்பத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் தகுதியை மாற்றக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

விதி மாறிற்று என்று எவரேனும் சொன்னால், அச்செய்தியை அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். ஆயுஷ்மான் பாரத் பற்றி 14555 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம். தொலைபேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்டு அழைப்பவனிடம் அதனைச் சொல்லாதீர்கள். தகுதி இல்லை என்று மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் குறையைத் திருத்தவோ மேல்முறையீடு செய்யவோ இயலும்.

மற்றொன்றும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டவன். வருமானத்தைக் குறைத்துக் காட்டிப் பொய்ச் சான்று பெறுவது சாமர்த்தியம் அன்று. பொது நிதி ஏழையின் மருந்துப் பெட்டி. உரிமையில்லாதவன் அதில் கைவைத்தால், அதைக் காக்கும் பூட்டுகள் பெருகும். அப்பூட்டுகளைத் திறக்க இயலாமல் நிற்பவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயாக இருப்பாள்.

உங்கள் வீட்டில் படித்தவர் நீங்கள். உங்கள் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் கிட்டாத கல்வி உங்களுக்குக் கிட்டியிருக்கிறது. அக்கல்வியைத் தேர்வு மண்டபத்தோடு நிறுத்திவிடாமல், அவர்கள் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் தாள்களின்பால் திருப்புங்கள். அடுத்த வீட்டு முதியவருக்கும் அந்த உதவியைச் செய்யுங்கள். என்றேனும் ஒரு நள்ளிரவில் நீங்கள் அந்தச் சாளரத்தின்முன் நிற்க நேர்ந்தால், கேட்ட தாளை எடுத்து நீட்டிவிட்டு, உள்ளே நோயாளியின் அருகில் போய் அமர்ந்துகொள்ளலாம். அங்கேதான் உங்களுக்கு அப்பொழுது வேலை இருக்கும்.