புள்ளி கோடாகத் தோன்றும் கண்

கேம்பிரிஜ் கணித அறிஞர் ஜோர்ஜ் ஏரியின் இடக்கண்ணுக்கு ஒளிப்புள்ளி கோடாகத் தோன்றிற்று. கண்ணின் முன்புறத் தெளிபடலம் பந்துபோற் சீராக வளையாது, ஒரு திசையில் மிகுந்தும் மறுதிசையிற் குறைந்தும் வளைந்திருப்பின், கதிர்கள் ஓரிடத்திற் குவியா. இதுவே அஸ்டிக்மாற்றிசம். சாதாரண வில்லை இதற்கு உதவாமையால், 1825ஆம் ஆண்டில் அவர் ஒருபுறம் உருளைவடிவான வில்லையைக் கணித்துச் செய்வித்தார். இன்றும் மூக்குக்கண்ணாடியில் அவ்வகை வில்லையே முதன்மையான பரிகாரம். தொடுவில்லையும், வளர்ந்தோர் சிலர்க்கு லேசர்ச் சிகிச்சையும் உண்டு.

குழந்தையோ மங்கலையே இயல்பெனக் கொள்ளும், முறையிடாது. மிகுந்த குறை திருத்தப்படாதுவிடின், மூளை தெளிவாகக் காணப் பழகாது. பின்னர்க் கண்ணாடி அணிந்தும் முழுப்பார்வை கிட்டாது போகலாம். ஆதலின், கண்ணைச் சுருக்கிப் படிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், கண் வைத்தியரிடம் காட்டுதல் பெற்றோர் கடனாகும்.