ஒரே வயிற்றில் பிறந்த இருவர்



போதையில் விழுந்தவரைப் பார்த்து, "கூடப் பிறந்தவன் ஒழுங்காகத்தானே இருக்கிறான்?" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

2012-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 ஜோடி உடன்பிறந்தோரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் கொக்கைன் போன்ற போதைப்பொருளுக்கு அடிமை; மற்றவர் அப்படியல்ல. ஆனால் ஆசையைத் தூண்டும், அடக்கும் பகுதிகளில் இருவருக்குமே ஒரேவிதமான மாறுபாடு இருந்தது. செய்வதைச் சட்டென்று நிறுத்தச் சொன்னபோது இருவருமே தடுமாறினார்கள். ஆகவே, அந்தப் பலவீனம் போதையால் மட்டும் வந்ததல்ல. அதே பலவீனத்தோடு ஒருவர் விழாமல் இருந்திருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊதாரி மகன் உவமையில் மூத்தவன் வீட்டுக்குள் வர மறுக்கிறான். தம்பி என்று சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. நாமும், குருக்கள் உட்பட, அந்த வாசலில் நின்றிருக்கிறோம். மறுவாழ்வு மையத்திலிருந்து நம் தெருவுக்குத் திரும்பியவரை இந்த ஞாயிறு திருப்பலிக்கு நாமே போய் அழைப்போமா?