வேப்பிலைத் தண்ணியும் கொரட்டூர் ஏரியும்

இன்னைக்கு என்னோட எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பத்திப் பேசப் போறேன். பெருமையும் இருக்கு, மானம் போன கதையும் இருக்கு.

நான் அம்பத்தூர்க்காரி. சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயின்ல பட்டரவாக்கம் தாண்டினா கொரட்டூர் ஏரி வந்துடும். அம்பத்தூர் ஏரி நிரம்பினா உபரி நீர் அங்கதான் வரும். தண்ணியோட சாக்கடையும், எஸ்டேட் பக்கத்துக் கழிவும் சேர்ந்து வருதுன்னு அங்க குடியிருக்கிறவங்க பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. காலேஜ்ல டாபிக் கேட்டப்போ எனக்கு வேற எதுவும் தோணல. இலையை வச்சு நானோத் துகள் செய்யணும், அதை வச்சு ஏரியைச் சுத்தம் பண்ணணும். அவ்வளவுதான் என் திட்டம். (சிரிப்பு)

முதல்ல வெள்ளியில பழகினேன். எங்க தெரு வேப்பமரத்து இலையைக் கழுவி, கொதிக்க வச்சு, வடிகட்டிக்கணும். வெள்ளி நைட்ரேட் கரைசல்ல அந்தச் சாற்றைக் கொஞ்சம் ஊத்தணும். 100 மில்லிக்கு 17 மில்லிகிராம் உப்பு போதும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி மெல்ல மஞ்சளாகி, அப்புறம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துடும். இலையில இருக்கிற ஃபிளேவனாய்டு மாதிரி பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரானைக் கொடுக்குது. துகள் உருவானதும் அதையே சுத்திப் போர்த்திக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பார்த்துக்குது. இந்த வேலைக்கு லேப்ல வழக்கமா சோடியம் போரோஹைட்ரைடு போடுவாங்க. அது வேண்டாம்ங்கிறதாலதான் 'பசுமை முறை'ன்னு பேர். வெள்ளி நைட்ரேட்டை மட்டும் கெமிக்கல் கடையிலதான் வாங்கணும். அதை யாரும் தலைப்புல போட மாட்டாங்க!

இது புதுசும் இல்ல. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துல முரளி சாஸ்திரி குழு 2004-லயே வேப்பிலைச் சாறு வச்சு தங்கம், வெள்ளி ரெண்டுலயும் செஞ்சு கட்டுரை போட்டுட்டாங்க.

அழுக்கை உடைக்க நான் எடுத்தது துத்தநாக ஆக்ஸைடு. அதே இலைச் சாறு, வேற உப்பு, கடைசியில உலையில சுட்டெடுத்தா வெள்ளைப் பொடி. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டதும் அதுல எலெக்ட்ரான் கிளம்பும், அதனால தண்ணியில ஹைட்ராக்ஸில் ராடிக்கல் உருவாகும். கிட்டத்துல இருக்கிற சாய மூலக்கூறை அது கடிச்சுத் துண்டாக்கிடும். மொட்டை மாடியில, மெத்திலீன் புளூ கலந்த பீக்கர்ல பொடியைப் போட்டேன். மதியத்துக்குள்ள நீலம் போயிடுச்சு. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சேன்.

வைவாவுல வந்த எக்ஸாமினர் ஒரே கேள்விதான் கேட்டார். "இருட்டுல வச்சுப் பார்த்தியாம்மா?"

பார்க்கல. திரும்பப் போய் பீக்கரைக் கறுப்புத் துணியில மூடி வச்சுப் பார்த்தா, வெயிலே படாம பாதி நீலத்துக்கு மேல போயிருந்தது. சாயம் உடையல, பொடி மேல ஒட்டிக்கிச்சு. நிறம் போச்சுன்னா அழுக்கு அழிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லைன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. இந்தத் துறையில வர்ற எத்தனையோ கட்டுரைகளை இப்போ படிக்கும்போது, முதல்ல அந்த இருட்டுப் பரிசோதனை இருக்கான்னுதான் தேடுறேன்.

அடுத்து ஏரித் தண்ணியையே கொண்டு வந்து, அதுல சாயத்தைக் கலந்து பார்த்தேன். நிறம் அசையவே இல்லைன்னு சொல்லலாம். கலங்கல்ல வெளிச்சம் உள்ள போகாது. பைகார்பனேட்டும் மட்கின கழிவும் ராடிக்கலை வழியிலயே பிடிச்சுச் சாப்பிட்டுடும். சூரிய ஒளியில புற ஊதா இருக்கிறதே நூத்துக்கு அஞ்சு பங்குக்குள்ளதான்.

தண்ணி எடுக்கப் போனப்போ கரையில ஒரு தாத்தா கேட்டார். "ஏம்மா, அந்தப் பொடியை ஏரியில கொட்டினா சரியாயிடுமா?"

"கொட்டக் கூடாது தாத்தா. திரும்ப அள்ள முடியாது. மீனுக்கும் ஆகாது."

நம்ம ஊர்லயே நல்லா அமைஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் டி. பிரதீப் குழு, வெள்ளி நானோத் துகளை வச்சு தண்ணியில இருக்கிற பூச்சிக்கொல்லியை எடுத்தாங்க. அது வீட்டு வடிகட்டியா கடைக்கே வந்தது. ஆனா அங்க துகள் அலுமினா மேல ஒட்டி நிக்குது, தண்ணிதான் அதைத் தாண்டிப் போகுது. என் பொடியையும் இப்போ உடைஞ்ச ஓட்டுத் துண்டு மேல ஒட்ட வச்சுப் பார்க்கிறேன். மூணு தடவை கழுவினா உரிஞ்சு வந்துடுது.

தாத்தா அன்னைக்கு விடல. "அப்போ உன் படிப்பு எதுக்கும்மா?"ன்னு கேட்டுட்டார். பதில் வரல. "அழுக்கு எந்த வழியா வருதுன்னு காட்டுங்க தாத்தா, அந்தத் தண்ணியைத் தனியா பிடிச்சு டெஸ்ட் பண்றேன்"னேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மழைநீர்க் கால்வாய் ஏரிக்குள்ள இறங்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மழை பெய்ஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. கால்வாய்ல தண்ணி ஓடிக்கிட்டே இருந்தது.