தேய்ந்த தண்டும் தொழிலாளியின் சொல்லும்

(யூபிலி விழாவையொட்டி, பட்டறைத் தொழில் புரியும் நம் பங்கு இளைஞர்களுக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பாப்பாரப்பட்டியில் கடல் இல்லையே, படகு மோட்டாரைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் கிணற்றுப் பம்பிலும் ஒரு தண்டுதான் சுழல்கிறது. நம் பிள்ளைகள் லேத் முன் நிற்கிறார்கள். எதைச் செப்பனிடலாம், எதைச் செப்பனிடலாகாது என்பதை மீனவரின் பழைய மோட்டார் நன்றாகவே கற்பிக்கும்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் தென்கடற்கரையில் அது 1980களில் பரவியது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார்களைத் தருவித்ததோடு பழுது பார்க்கும் பணிமனைகளையும் அமைத்தது.

இந்த மோட்டாரில் இயந்திரம் மேலே இருக்கும். விசிறி நீருக்குள் சுழலும். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்பது ஒரே ஒரு தண்டு. அது இரண்டு இடங்களில் தேயும்.

முதலாவது, ஆயில் சீல் உரசும் இடம். உப்பும் மணலும் சீலின் உதட்டில் சிக்கி, இரும்பில் வளையம்போல் பள்ளம் பறிக்கும். அதன் வழியே நீர் புகுந்தால் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுக்கும். சீலை மட்டும் மாற்றுவது வீண். பள்ளம் சிறிதானால், புதுச் சீலைச் சற்று மேலே தள்ளிப் பொருத்தலாம். இல்லையேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறையை அதன்மேல் இறுக்கலாம். வெல்டிங் வைத்துக் கடைவோரும் உண்டு. ஆனால் அந்தச் சூட்டில் தண்டு வளையும். ஆகவே கடைந்தபின் டயல் கேஜ் வைத்து நேர் பார்த்தே தீரவேண்டும்.

இரண்டாவது, தண்டின் உச்சியில் நீளவாக்கில் வெட்டிய பற்கள். கிரீஸ் வற்றினால் இவை துருப்பிடித்துத் தேயும். முற்றிலும் மழுங்கிய அன்று இயந்திரம் முழங்கும், விசிறி சுழலாது, படகு நகராது. இந்தப் பற்களை வெல்டிங்கால் வளர்ப்பது ஆகாது. சூட்டில் எஃகின் கடினம் போய்விடும். தண்டையே மாற்ற வேண்டும். அது நுழையும் மேல் துளையின் பற்களும் தேய்ந்திருந்தால், புதுத் தண்டையும் அவை தின்றுவிடும். அதையும் பார்த்து, கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும்.

“கையில் காசில்லை, இந்தப் பருவம் மட்டும் ஓடினால் போதும்” என்று ஏழை மீனவர் கெஞ்சலாம். இரக்கப்பட்டு ஒட்டுப்போட்டால், கரை தெரியாத தூரத்தில் அவரும் உடன் சென்ற பிள்ளைகளும் தத்தளிப்பர். கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், தவணை கொடுங்கள். ஆனால் ஆகாததை ஆகும் என்று சொல்லாதீர்கள். நம் ஊர்க் கிணற்றடி மோட்டாருக்கும் இதுவே விதி.

தம்பிகளே, பள்ளத்தை மூடத் தெரிவது கைத்திறன். “இது தாங்காது, ஐயா” என்று உள்ளதைச் சொல்வது தொழில் நேர்மை. இரண்டும் உங்களிடம் தழைக்கட்டும்.