மேஜர் சரவணனும் அவர் வீட்டாரும்

(ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று நம் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கார்கில் போரின் முழுக் கதைக்குப் போகவில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'அமரன்' படம் வந்த பிறகு மேஜர் முகுந்த் வரதராஜனை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சந்தோஷம். போன வாரம் கீழே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பசங்களிடம், மேஜர் சரவணனைத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. பசங்களை விடுங்கள், பெரியவர்கள் சிலருக்கே தெரியவில்லை.

மாரியப்பன் சரவணன், 1972 ஆகஸ்ட் 10 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். அவருடைய அப்பாவும் ராணுவ அதிகாரிதான், லெப்டினன்ட் கர்னல். மகன் பதின்ம வயதில் இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அதன் பிறகும் அந்த வீட்டிலிருந்து பிள்ளை ராணுவத்துக்குப் போனான் என்றால், அனுப்பிய அம்மாவைத்தான் நான் முதலில் நினைத்துப் பார்க்கிறேன். பயிற்சி நம் பரங்கிமலையில். விமான நிலையம் போகும்போது நாமெல்லாம் தாண்டிப் போகிற இடம்தான். சேர்ந்தது பீகார் ரெஜிமென்ட், முதலாவது பட்டாலியன்.

1999 மே மாதம் கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்தது தெரிய வந்தது. படாலிக் பகுதியில், 14,000 அடிக்கு மேலே இருந்த ஒரு முகட்டை மீட்கும் பொறுப்பு இவருக்கு. அந்த உயரத்தில் நடந்தாலே மூச்சு வாங்கும். மேலே இருப்பவனுக்குக் கீழே ஏறி வருபவன் நன்றாகத் தெரிவான். மறைவதற்கு மரமா செடியா, ஒன்றும் கிடையாது. மே 28 இரவு கிளம்பி, 29ஆம் தேதி விடியும் முன் தாக்கினார்கள். சரவணன் ராக்கெட் லாஞ்சரால் சுட்டதில் எதிரிகள் இருவர் விழுந்தார்கள். சிதறிய துண்டுகள் பாய்ந்து அவருக்கும் காயம். திரும்பி வரும்படி கமாண்டிங் ஆபீசர் ரேடியோவில் உத்தரவிட்டார். 'வீரப்பன்' என்றுதான் கூப்பிடுவார்களாம். சத்தியமங்கலம் காட்டில் அந்த வீரப்பன் இருந்த காலம் அது. தமிழ்நாட்டு அதிகாரிக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்! சரவணன் திரும்பவில்லை. இன்னும் இருவரை வீழ்த்தினார். பிறகு தலையில் குண்டு பாய்ந்தது. 27 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் சொச்சம் இருந்தது.

அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் என்ற பீகார்காரரும் உயிர் விட்டார். இருவருக்குமே வீர் சக்ரா. அந்தப் பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் என் மனதை விட்டுப் போகாத விஷயம். 1965, 71 போர்களில் இறந்த வீரர்களில் பெரும்பாலோருக்கு அங்கேயே இறுதிச் சடங்கு முடிந்துவிடும். வீட்டுக்குத் தந்திதான் வரும். கார்கிலில்தான் உடலைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். டிவியில் தினமும் பார்த்தோமே, தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளை. சரவணன் வீட்டுக்கு அப்படி உடனே வரவில்லை. அவர் விழுந்த இடம் எதிரியின் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தது. உடலை எடுக்கவே முடியவில்லை. முகடு மீட்கப்பட்டு, உடல் திருச்சி வந்து சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. மகன் இல்லை என்று தெரியும். முகம் பார்க்க முடியாது. அந்த ஒரு மாதம் அந்த அம்மா காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பாரா? நமக்கு ஏர்போர்ட்டிலிருந்து பிள்ளை வர ஒரு மணி நேரம் லேட்டானால் பத்து முறை போன் போடுகிறோம்.

ராணுவ மரியாதையோடு திருச்சியில் தகனம் நடந்தது. கண்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் என்று போகிறவர்கள் பிள்ளைகளை அங்கேயும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன். நம் ஆவடி, அம்பத்தூர் பக்கம் படைத்துறைப் பென்ஷன்காரர்கள் அதிகம். குடும்பப் பென்ஷன் என்றால் உறவுமுறை கட்டத்தில் பெரும்பாலும் 'மனைவி' என்று இருக்கும். எப்போதாவது ஒன்றில் 'தாய்' என்று இருக்கும். அப்படி ஒரு அம்மா நவம்பர் தவறாமல் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார். ஒரு வருஷம், "அவன் போயிட்டான், நான் இருக்கேன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கணும், இல்லப்பா?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டார். விதிமுறையைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. முத்திரை குத்திக் கொடுத்தேன்.

இப்போது இந்தப் பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' இணையதளத்துக்குப் போய்விட்டது. பாஸ்வேர்டு, ஓடிபி, முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்கிறது. எழுபது, எண்பது வயது அம்மாவுக்கு இது இன்னொரு மலை ஏற்றம். வருடாந்தரச் சான்று பதியாமல் விட்டால் பணம் நின்றுபோகும். பிறகு யாரைப் போய்க் கேட்பார்?

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருகிற நவம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தைக் காலையில் திறந்து விடுங்கள். நம் குடியிருப்பில் இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருவானாலும் சரி, ராணுவக் குடும்பப் பென்ஷன் வாங்குபவர்கள் வரட்டும். சான்று பதிய நான் உட்காருகிறேன். போனை வேகமாகத் தட்டத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும். டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல் வைப்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம், முதலில் இது.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள். தெரிந்த அம்மாக்கள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டு விலாசத்தையும் சொல்லுங்கள், நானே போய்க் கூப்பிடுகிறேன்.