திருகோணமலையின் பெயர் தாங்கிய மரக்கப்பல்

(பிரித்தானியாவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்குள்ள பழைய துறையொன்றில், மூன்று பாய்மரங்களை உயர்த்தியபடி ஒரு மரக்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'திரிங்கோமலி'. ஆங்கிலேயர் நாவில் உருமாறிய நமது திருகோணமலையே அது. பிரித்தானியாவில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே. இதனினும் மூத்த 'விக்டரி' என்னும் கப்பல் 1922 ஆம் ஆண்டு முதல் போர்ட்ஸ்மவுத் நகரின் உலர்துறையில் நிற்கிறது.

பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம் உள்ளம் பூரிப்பது இயல்பு. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1782 ஆம் ஆண்டு திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய போரின் நினைவாக இடப்பட்ட பெயர் இது. நம் மக்களைப் போற்றி எவரும் இதைச் சூட்டவில்லை. ஒரு பேரரசின் ஆயுதமாகவே இக்கப்பல் பிறந்தது. அவ்வாறிருக்க, இதைப்பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு மரக்கப்பல் எவ்வாறு உயிரோடிருக்கிறது என்ற கேள்வி, புலம்பெயர்ந்து வாழும் நமக்குப் பெரிதும் பயன்படும் கேள்வி என்பதனாலேயே இன்று இதனை எடுத்துக்கொண்டேன்.

நெப்போலியனுடனான போர்களால் பிரித்தானியாவில் ஓக் மரம் அருகிப்போயிற்று. எனவே பம்பாயில் கப்பல் கட்டுமாறு ஆங்கிலேயக் கடற்படை பணித்தது. வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜம்செட்ஜி பொமன்ஜி என்ற தலைமைக் கப்பற்கலைஞர், மலபார்த் தேக்கைக் கொண்டு இதைக் கட்டினார். 1816 இல் அடிமரத்தை நாட்டியபோது, பார்சி மரபின்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டது. 1817 அக்டோபர் 12 ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெயோ மரத்தையும் ஆணியையும் காக்கும். இக்கப்பலின் உடற்பகுதி மரங்களிற் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் முதலில் இட்டவையே என்றால், அதற்கு அந்தத் தேக்கே முதற்காரணம்.

ஆனால், நல்ல மரம் மட்டும் போதுமா? போதாது. மரக்கப்பலின் பகைவர் பலர். கடல்நீரே முதற்பகை என்று நாம் எண்ணுவோம். உண்மையில் மழைநீரே கொடியது. உப்பு, மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சணத்தை அடக்கிவைக்கும். மழைநீரோ மேற்றளப் பலகைகளின் இடுக்குகள் வழியாக உள்ளே கசிந்து, காற்றோட்டமில்லாத மூலைகளில் தங்கி, வெளியே தெரியாமல் மரத்தை உளுக்கச் செய்யும். அக்காலத்துக் கப்பற்கலைஞர் வளைமரங்களுக்கிடையே உப்பைக் கொட்டி நிரப்பியதும் இக்காரணம் பற்றியே.

அடுத்த பகை கப்பலின் சொந்தப் பாரம். கப்பலின் நடுப்பகுதி அகன்றது. அதை நீர் வலுவாகத் தாங்கும். முன்முனையும் பின்முனையும் ஒடுங்கியவை. அவற்றுக்கு நீரின் தாங்கல் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு முனைகளும் தாழ்ந்து, அடிமரம் வில்போல் நடுவில் மேலெழும். உலர்துறையில் ஏற்றிவிட்டால் இத்துன்பம் தீரும் என்பாருமுண்டு. அங்கே வேறொரு துன்பம் காத்திருக்கிறது. நீர் எல்லாப் புறமும் தாங்கிய உடலைச் சில முட்டுகள் மட்டும் தாங்க நேரும். உடல் நாளடைவிற் சரியும். பலகைகள் காய்ந்து இடுக்குகள் விரியும்.

ஆகவே, பேணுதல் என்பது ஒருநாட் பணியன்று. பழுதான இடுக்கில் இருந்த பழைய நாரை அகற்றி, புதுச் சணல்நாரை உளியாலும் கொட்டாப்புளியாலும் இறுக்கி அடைத்து, மேலே கீல் உருக்கி ஊற்ற வேண்டும். இதனையே நம் கரையோர மக்கள் கலப்பற்று என்றனர். உளுத்த துண்டை அளந்து வெட்டி, அதே வளைவுள்ள புதுமரத்தைப் பொருத்த வேண்டும். கயிறுகளுக்குத் தார் பூச வேண்டும். கடைசிப் பலகையை முடிக்கும்போது முதற்பலகை மீண்டும் அழைக்கும்.

இப்பணி தவறினால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1897 இல் 'திரிங்கோமலி' உடைத்து விற்பதற்காக விலைபேசப்பட்டது. ஜோர்ஜ் வீட்லி கொப் என்ற செல்வர் அதை வாங்கி, தாம் புயலில் இழந்த 'பூட்ரொயான்' என்ற கப்பலின் பெயரை இதற்குச் சூட்டி, இளையோர் பயிற்சிக் கப்பலாக்கினார். பின்னாளில் போர்ட்ஸ்மவுத்தில் இதன் அருகே நின்றது 'இம்பிளக்கபிள்'. அது 1805 இல் திரபல்கர் போரில் பிரெஞ்சுத் தரப்பில் நின்று, அதன்பின் ஆங்கிலேயர் கைப்பற்றிய பெருங்கப்பல். உலகப்போருக்குப் பின் அதைப் பழுதுபார்க்கப் பணமில்லை என்றனர். 1949 டிசம்பர் 2 ஆம் நாள் அதைக் கடலுக்கு இழுத்துச் சென்று, வெடிவைத்து மூழ்கடித்தனர். இரு நாட்டுக் கொடிகளும் அதில் பறந்தன. அந்த இழப்பின் துயரம் கப்பல்களைக் காக்கும் உணர்வை நாட்டில் எழுப்பியது. பின்னர் 'கட்டி சார்க்' என்னும் தேயிலைக் கப்பல் காக்கப்பட்டதற்கும் அவ்வுணர்வே துணைநின்றது.

பக்கத்தில் நின்ற கப்பல் அழிந்தது. நமது ஊர்ப்பெயர் கொண்ட கப்பல் பிழைத்தது. ஏன்? தேக்கு ஒரு காரணம். 1986 வரை அதில் இளையோர் ஏறி இறங்கினர், உறங்கினர், பயின்றனர் என்பது மற்றொன்று. மனிதர் நடமாடும் கப்பலிற் கசிவு உடனே கண்ணுக்குப் படும். பூட்டி வைத்த கப்பலில் அது யாருக்கும் தெரியாமல் வளரும்.

1987 இல் இக்கப்பலை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசென்றனர். அந்நகரின் கப்பல்கட்டும் தளங்கள் 1960களிலேயே மூடப்பட்டிருந்தன. எனினும் 'வாரியர்' என்ற இரும்புப் போர்க்கப்பலைப் புதுப்பித்த தொழிலாளர் அங்கிருந்தனர். 1990 இல் தொடங்கிய சீரமைப்பு 2001 இல் நிறைவெய்தியது. ஒரு கோடிப் பவுணுக்கு மேற் செலவாயிற்று. பணம் மட்டும் இருந்து, கைத்திறன் அறிந்தோர் இல்லாதிருப்பின் இது நடந்திராது. 1992 இல், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்த அக்கப்பலுக்குத் 'திரிங்கோமலி' என்ற பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. முகப்பில் தலைப்பாகை அணிந்த ஒரு மனிதரின் சிற்பம் இன்றும் கடலை நோக்குகிறது.

இனி நம்மை நோக்குவோம். வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் ஹார்ட்டில்பூலில் ஒரு சிறுவன் தளத்திற் கால்பதித்து, பலகையைத் தடவிப் பார்ப்பதுபோல் அன்னபூரணியை நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க இயலாது. கப்பலைக் காக்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போயிற்று. கலையறிவையும் சொற்களையும் காக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

பெற்றோர்களே, விடுமுறையில் ஒருமுறை பிள்ளைகளை ஹார்ட்டில்பூலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது யாருடைய கப்பல், எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் மறைக்காமற் சொல்லுங்கள். இளையோரே, உங்கள் குடும்பத்திலோ அயலிலோ கரையோர ஊர்களிலிருந்து வந்த முதியவர் இருப்பார். தோணியும் வள்ளமும் கட்டிய ஓடாவிமாரைக் கண்டவராக இருப்பார். ஏரா என்றால் என்ன, வங்கு என்றால் என்ன, கலப்பற்று எப்படிச் செய்வர் என்று அவரிடம் கேளுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த மரம், எந்தக் கருவி, எத்தனை பேர் என்று குறித்துவையுங்கள். இதற்குக் கோடிப் பவுண் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும். ஆனால் அந்த முதியவர் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.